வழு யார் கண்ணில் படுகிறது?

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 என்ற பதிப்பு வெளியானது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. அப்டேட் முடிந்து கணினி எழுந்தபோது சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளைக் காணவில்லை. பாதிப்பைத் தெரிவித்தவர்கள் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. பிள்ளைகளின் பழைய படங்களை அங்கே வைத்திருந்தவருக்கு அந்தக் கணக்கால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

இந்தச் செய்தி நிறுவனத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. விண்டோஸின் பாதி வெந்த பதிப்புகளைப் பொதுமக்களே போட்டுப் பார்த்துக் குறை சொல்வதற்காக 2014-இல் இன்சைடர் என்ற திட்டம் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைகளை எழுத ஃபீட்பேக் ஹப் என்ற ஆப் உண்டு. கோப்புகள் காணாமல் போவதாகச் சில இன்சைடர்கள் சில மாதங்களுக்கு முன்பே அதில் எழுதிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு குறை மேலே வர வேண்டுமானால் மற்றவர்கள் அதற்கு வாக்களிக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் சிக்கலுக்கு யார் வந்து வாக்குப் போடுவார்கள்? முறையீடு அடியில் தங்கிவிட்டது.

இந்த வழு, அதாவது மென்பொருள் பிழை, பிறந்த விதமும் சொல்லத்தக்கது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலர், அதற்கு முந்தைய அப்டேட்டுக்குப் பிறகு அதே பெயரில் வெற்று ஃபோல்டர் ஒன்று கூடுதலாக முளைத்திருக்கிறது என்று குறைபட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்க, வெற்று ஃபோல்டரை நீக்கும் நிரல் எழுதப்பட்டது. அது இன்னொரு மாற்றத்தோடு சேர்ந்தபோது பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளையும் வாரிக்கொண்டு போனது. பயனரின் ஒரு புகாரைக் கேட்டதால் வந்த சிக்கல், இன்னொரு புகாரைக் கேட்காததால் வெளியே வந்துவிட்டது.

மென்பொருள் முழுமையாவதற்கு முன்பே சாதாரணப் பயனர்களை அழைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வாசலைத் திறப்பதைப் பற்றித்தான் பேச்சு முழுவதும். மேற்சொன்ன கதையில் வாசல் அகலமாகவே திறந்திருந்தது. உள்ளே வந்தவர் சொன்னதை எடைபோட ஆள் இல்லை. இந்தத் துறையில் பாதிக்கு மேற்பட்ட தோல்விகள் இந்த இரண்டாவது வகை என்பது என் எண்ணம்.

முதலில், எதற்காக அவர்கள் வேண்டும்? நிரல் எழுதுபவர்கள் தாங்களே சோதித்துக்கொள்ளலாமே?

சோதிக்கிறார்கள்தான். ஆனால் நிரல் எழுதுபவரின் கணினி புதியது, இணையம் வேகமானது, திரை பெரியது, எழுத்து அளவு அவர் வயதுக்கு ஏற்றது. அவர் பட்டனை எப்போது அழுத்த வேண்டுமோ அப்போதுதான் அழுத்துவார். இட்லி வேகும் நேரத்தில், ஈரக் கையால், பாதி உடைந்த கண்ணாடியுள்ள போனில் அழுத்த மாட்டார். தொழில்நுட்பம் தெரியாதவர் சோதனைக்குக் கொண்டுவரும் சரக்கு அவருடைய அறியாமை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கொண்டுவருவது அவருடைய அன்றாட வாழ்க்கையை. அதை எந்த ஆய்வகத்திலும் நகலெடுக்க முடியாது.

மொழியும் அதில் அடங்கும். ‘கௌதமன்’ என்ற பெயரை ஔகாரக் குறியீட்டோடு எழுதுவதற்குப் பதிலாக, ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ‘கெளதமன்’ என்று தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. ஒன்றைத் தேடினால் இன்னொன்று கிடைக்காது. அகர வரிசையில் இரண்டும் இரண்டு இடத்தில் போய் உட்காரும். தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் இதைக் கனவிலும் காண மாட்டார். முந்நூறு மாணவர் பெயரைப் பட்டியலிட்டுத் தேடும் பள்ளி எழுத்தர் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார். 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்துகளின் ஒரு சேர்க்கை குறுஞ்செய்தியாக வந்தாலே ஐபோனின் ஆப்கள் மூடிக்கொண்டன. ஐஓஎஸ் 11.2.6 வந்துதான் அது சரியானது.

அடுத்த சிக்கல், சாதாரணப் பயனர்கள் வழுவைப் பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. “எனக்குத்தான் இதெல்லாம் வராது” என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார்கள். ஆப் திறக்கவில்லையென்றால் தான் எதையோ தவறாக அமுக்கிவிட்டதாக நினைப்பார்கள். புரோகிராமர் ஒருவர் அதே இடத்தில் இருந்தால் மென்பொருளைத்தான் திட்டுவார். அந்தத் திட்டுக்குப் பின்னால் ஒரு பயிற்சி இருக்கிறது: இயந்திரமும் தப்பு செய்யும் என்று அவருக்குத் தெரியும். நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு, மரியாதை. வீட்டுப் பிள்ளை செய்த ஆப்பைப் போய்ச் சரியில்லை என்பதா?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அண்ணன் மகன் பால் கணக்கு எழுத ஓர் ஆப் செய்தான். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்குகளுக்கு ஒரு விதி இருக்கிறது. ஆப்பைப் பொதுவெளியில் விடுவதற்கு முன் குறைந்தது 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் என்றிருந்தது; 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? குடும்ப வாட்ஸப் குழுவில் செய்தி போட்டான். (இணையத்தில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதும் நடக்கிறது: நீ என் ஆப்பைப் போட்டுக்கொள், நான் உன்னுடையதைப் போட்டுக்கொள்கிறேன் என்று. தலைக்கணக்கு சேரும், சோதனை நடக்காது.)

எங்கள் பெரியம்மாவும் போட்டுக்கொண்டார். இரண்டு மாடு வைத்து நான்கு வீட்டுக்குப் பால் ஊற்றுபவர், நிஜமான பயனர். ஒரு வாரம் கழித்து அவன் கேட்டான்.

“எப்படி இருக்கு பாட்டி?”

“நல்லா இருக்குடா கண்ணு.”

“ஏதாவது கஷ்டமா இருந்தா சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான், சோதனை முடிந்தது. அவனும் திருப்தியாகப் போனை வைக்கப் போனான். நான்தான் பெரியம்மா பக்கத்தில் இருந்து, “பெரியம்மா, இன்னைக்குக் காலைக் கணக்கை இப்ப என் முன்னாடி எழுதுங்க, பாக்கலாம்” என்றேன். எழுதினார். எண்ணைத் தட்டினார், பிறகு போனின் பின்செல்லும் பட்டனை ஒருமுறை அமுக்கினார், அதன் பிறகு ‘சேமி’யை அமுக்கினார். நடுவில் அது எதற்கு என்று கேட்டேன். “அத அமுக்குனாத்தான் சேமி வரும்” என்றார். கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். அதனால் பக்கம் நீண்டு, ‘சேமி’ பட்டன் கீபோர்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. கீபோர்டை மூடினால்தான் அது தெரியும். முதல் நாளே அவர் வழியைக் கண்டுபிடித்து, பழகி, குறை என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார்.

பயனர் சோதனையை நடத்துபவர்கள் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது வழக்கம்: சோதிக்கப்படுவது நீங்கள் இல்லை, இந்த மென்பொருள். சம்பிரதாயம் போலத் தோன்றும். பெரியம்மாவைப் பார்த்த பிறகு அது எவ்வளவு வேண்டிய பேச்சு என்று புரிந்தது. “எப்படி இருக்கு?” என்று கேட்பதைவிட “செய்து காட்டுங்கள்” என்பது எத்தனையோ மடங்கு பயன் தரும். சரி, எதிரில் உட்கார முடியாத ஆயிரம் பேரிடம் என்ன செய்வது? அங்கேதான் கேள்வியின் வடிவம் முக்கியமாகிறது.

பக் என்பதற்குத் தமிழில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ‘வழு’ என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு. பள்ளியில் படித்தோமே: வழாநிலை, வழு, வழுவமைதி. “அது பக் இல்லை, அப்படித்தான் வடிவமைத்தோம்” என்று ஒரு புரோகிராமர் சொன்னால் அதற்கு இலக்கணத்தில் பெயர் வழுவமைதி. திணை, பால், இடம், காலம் என்று போகும் ஏழு வகை வழுக்களில் வினா வழுவும் ஒன்று. அதற்குப் பாடநூல் தரும் எடுத்துக்காட்டு அழகானது: ஒரே ஒரு விரலைக் காட்டி, இது சிறியதா பெரியதா என்று கேட்பது.

மென்பொருள் உலகின் பல வழுப் படிவங்கள் இந்த ஒரு விரலைத்தான் நீட்டுகின்றன. மொசில்லா 1998-இல் வெளியிட்ட பக்சில்லா, இன்றைக்கும் பல திட்டங்கள் வழுக்களைப் பதியும் பேரேடு. நிரலாளர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட கருவி அது. அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. எந்தத் தயாரிப்பு, அதில் எந்த உறுப்பு, எந்தப் பதிப்பு, தீவிரம் எவ்வளவு என்று கேட்கும். தீவிரத்துக்கு ‘பிளாக்கர்’ (வேலையையே முடக்குவது) முதல் ‘டிரிவியல்’ (அற்பமானது) வரை படிகள். முதல்முறை வருபவருக்கு எதோடு எதை ஒப்பிடுவது என்று எப்படித் தெரியும்? அவருக்கு இருப்பது ஒரே விரல். அதைவிட மோசம் பதில் வரும் விதம். ஒரு மணி நேரம் செலவழித்து எழுதிய குறைமேல் ‘இன்வேலிட்’, அதாவது செல்லாது, என்று தடித்த பெரிய எழுத்தில் முத்திரை விழும். அல்லது ‘வொர்க்ஸ் ஃபார் மீ’, அதாவது என்னிடம் சரியாகத்தான் ஓடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அவை வெறும் கோப்பு வரிசைப் பெயர்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு முகத்தில் கதவைச் சாத்தியது போல. அவர் மறுபடி வருவதில்லை.

வண்டி மெக்கானிக் இதைவிட நன்றாகச் செய்வார். “என்னமோ கடகடன்னு சத்தம் வருதுண்ணே” என்று போய் நின்றால், எந்த பேரிங் என்று நம்மைக் கேட்க மாட்டார். திருப்பும்போதா, பிரேக் போடும்போதா? காலையில் எடுத்ததுமா, ஓடிச் சூடான பிறகா? இடது பக்கமா? எல்லாம் நமக்குப் பதில் தெரிந்த கேள்விகள். அந்தக் ‘கடகட’வை உதிரிபாகத்தின் பெயராக மாற்றுவது அவர் வேலை. கடைக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டால் வண்டியை ஒரு சுற்று ஓட்டியும் பார்ப்பார். மென்பொருள் திட்டங்களில் இந்த வேலைக்கு டிரையேஜ் என்று பெயர்: வரும் புகார்களைப் பிரித்து, மறுபடி நிகழ்த்திப் பார்த்து, நிரலாளரின் மொழிக்கு மாற்றுவது. சாதாரணப் பயனர்களை அழைக்கும் திட்டத்துக்கு முதலில் தேவை இந்த ஆட்கள். ஆயிரம் பேரை அழைத்துவிட்டு மெக்கானிக் ஒருவர்கூட இல்லையென்றால் கிடைப்பது இரைச்சல் மட்டும்தான். லிப்ரே ஆஃபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் திட்டத்தில் நிரல் எழுதாத பலர் இதையே தொண்டாகச் செய்கிறார்கள். புதிதாக வந்த புகார் ‘உறுதிசெய்யப்படாதது’ என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் தன் கணினியில் அதையே செய்து பார்த்து, எனக்கும் வருகிறது என்றால்தான் அடுத்த படிக்கு நகரும். இதைச் செய்ய ஒரு வரி நிரல்கூடத் தெரிய வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். முதலில் சோதனையாளராக வந்தவருக்கு அடுத்த நாற்காலியாகவும் இது அமைகிறது.

கேள்வியை எளிதாக்குவதில் நான் கண்டவற்றிலேயே கெட்டிக்காரத்தனமானது மொஸ்ரெக்ரஷன் என்ற கருவி. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நைட்லி என்ற பதிப்பு, பெயருக்கேற்ப, அன்றன்றைய மாற்றங்களோடு நாள்தோறும் வெளியாகிறது. போன ஆண்டு சரியாக ஓடிய ஏதோ ஒன்று இப்போது கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் கெட்டது? இந்தக் கருவி நடுவில் உள்ள ஒரு நாளின் பதிப்பைத் தானே இறக்கித் திறந்து காட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: நன்றாக இருக்கிறதா, கெட்டிருக்கிறதா? பதிலுக்கு ஏற்ப முன்பாதியையோ பின்பாதியையோ மீண்டும் இரண்டாக வகுக்கும். ஓராண்டின் 365 பதிப்புகளும் ஒன்பது கேள்விகளில் ஒற்றை நாளாகச் சுருங்கிவிடும். கண் மருத்துவர் லென்ஸை மாற்றி மாற்றி “இதுவா, அதுவா, எது தெளிவா தெரியுது?” என்று கேட்பதைப் போலத்தான். கண்ணாடியின் பவர் பற்றி நமக்கு எதுவும் தெரிய வேண்டாம். பவரின் எண் துல்லியமாக வந்துவிடும். நிரலாளர்களே நாள்கணக்கில் தேடும் விடையை, நிரல் என்றால் என்னவென்றே தெரியாதவர் ஒரு மாலைப்பொழுதில் எடுத்துக் கொடுக்கலாம். கருவியை நிறுவுவதற்குள் ஒருவழியாகிவிடும் என்பது வேறு விஷயம். 

வெளிவராத ஆப்களைச் சோதிக்க ஆப்பிள் தரும் டெஸ்ட்ஃபிளைட்டும் இந்த வழியில் ஒன்றைச் செய்திருக்கிறது. சோதனை ஆப்பில் இருக்கும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால், இதையே உருவாக்கியவருக்கு அனுப்பலாமா என்று கேட்கும். ஏதோ கோணலாக இருந்தால் படம் எடுத்து யாருக்காவது காட்டுவது எல்லோருக்கும் வந்துவிட்ட பழக்கம். பழக்கத்தின் மேலேயே படிவத்தை ஏற்றிவிட்டார்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டில் வங்கி இருப்பும் இருக்கலாம், பேத்தியின் படமும் இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் கிராஷ் ஆனால் வரும் பெட்டியில், பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியைச் சேர்க்கலாமா என்று தனியாக ஒரு கட்டம் கேட்கும். நீங்கள் எழுதும் குறிப்பு பொதுப் பார்வைக்குப் போகும் என்றும் சொல்லியிருப்பார்கள். இந்த வரிகளை எவ்வளவு பேர் படிப்பார்கள்? அழைக்கும்போதே வாய்விட்டுச் சொல்வதுதான் முறை.

சோதனைப் பதிப்பைக் குறிக்கும் ‘பீட்டா’ என்ற சொல்லும் ஒரு பொறி. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று பீட்டா என்ற முத்திரையோடு வந்து, 2009 ஜூலையில்தான் அதைக் கழற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கானோர் பீட்டாவில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். விளைவு, மக்கள் மனத்தில் பீட்டா என்றால் ‘புதுசு, முதலில் நமக்கு’ என்று பதிந்துவிட்டது. உடையக்கூடியது என்ற பொருள் மறைந்துபோனது. அதனால்தான் ஒரே போன் வைத்திருப்பவர், அதிலேயே வங்கி ஆப்பும் வைத்துக்கொண்டு, அதன்மேல் சோதனைப் பதிப்பை ஏற்றிவிட்டுப் பிறகு தவிக்கிறார். தவறு அவர்மேல் இல்லை.

பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சின்ன எழுத்தில் எழுதி வைப்பது பாதுகாப்பாகாது. எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாதபடி மென்பொருளையே அமைக்க வேண்டும். 2019 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 இதில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது. அதிலிருந்து நைட்லியும் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸும் ஒரே கணினியில் இருந்தாலும் இயல்பாகவே தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொள்கின்றன. சோதனைப் பதிப்பு எதை உடைத்தாலும் அன்றாட உலாவியின் புக்மார்க்குகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் சேதமில்லை. புதிய பதிப்பின் தரவைப் பழைய பதிப்பு திறந்து கெடுத்துவிடாமலும் ஒரு தடுப்பு வைத்தார்கள். கிணற்றில் தள்ளி நீச்சல் கற்றுக்கொடுப்பது சரிதான், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுத்தான் தள்ளுவார்கள்.

சிறு குறைகளுக்கென்றே தனி இடம் ஒதுக்குவதும் பலன் தந்திருக்கிறது. உபுண்டு என்ற கட்டற்ற இயங்குதளம் 2009-இல், தன் 9.10 பதிப்பை முன்னிட்டு, ‘நூறு காகித வெட்டுகள்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. காகித ஓரம் விரலில் கீறுவது போல, உயிர் போகாத ஆனால் தினமும் எரிச்சலூட்டும் குறைகள், சரிசெய்வதும் எளிது. அத்தகைய நூறைத் தேர்ந்து தீர்ப்பது நோக்கம். நிரலாளர் பார்வையில் வெட்கப்படுமளவு அற்பமான புகார்களுக்கு அங்கே வரவேற்பு இருந்தது. தயங்கி நிற்கும் ஒருவருக்கு அது போதும்.

மைக்ரோசாஃப்ட்டும் 1809 பதிப்புக்குப் பிறகு ஃபீட்பேக் ஹப்பை மாற்றியது. குறையை எழுதுபவர் அதன் பாதிப்பும் தீவிரமும் எவ்வளவு என்று குறிக்க வழி செய்தது. அரிதாக நடந்தாலும் கோப்பை அழிக்கும் குறை, வாக்கு இல்லாமலே மேலே வர வேண்டும் என்பது எண்ணம். நல்ல திருத்தம்தான், ஆனாலும் மறுபடி அந்த ஒற்றை விரல். ‘எவ்வளவு தீவிரம்?’ என்பதைவிட ‘ஏதாவது காணாமல் போனதா?’ என்ற கேள்விக்கு யாரும் திணறாமல் பதில் சொல்வார்கள் என்று தோன்றுகிறது. திருத்திய 1809 பதிப்பு 2018 நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது.

அண்ணன் மகனும் பால் ஆப்பைத் திருத்தினான். போனின் கீபோர்டே வராமல், பக்கத்துக்குள்ளேயே பெரிய எண் பட்டன்களை வைத்து, ‘சேமி’யை எப்போதும் கண்ணில் படும்படி மேலே ஏற்றினான். பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவிடமிருந்து போன். எழுதுகிற கணக்கெல்லாம் போய்விடுகிறதாம். எண்ணைத் தட்டியதும், இத்தனை நாள் பழகிய கை பின்செல்லும் பட்டனை அமுக்குகிறது. மூடுவதற்கு இப்போது கீபோர்டு இல்லையே, பக்கமே மூடிக்கொள்கிறது.

“முன்னாடி நல்லாத்தானடா இருந்துச்சு?” என்று அவனிடம் கேட்டாராம். அவர் சொன்ன முதல் வழு அதுதான்.